பழைய கார் வாங்கும் முன் பம்பருக்கு அடியிலும் குனிந்து பாருங்கள்

பழைய கார் பார்க்க வருகிறவர்கள் பானெட்டைத் திறந்து பார்ப்பார்கள், ஏசி போட்டுப் பார்ப்பார்கள், டயரில் எவ்வளவு பட்டன் இருக்கிறது என்று விரலால் தடவிப் பார்ப்பார்கள், மீட்டரைப் படம் எடுத்துக்கொள்வார்கள். முன் பம்பருக்கு அடியில் குனிந்து பார்க்கிறவர் இருபது பேரில் ஒருவர் இருந்தால் அதிகம். நான் சென்னையின் தென்பக்கம் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். செகண்ட்ஸ் வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு வண்டியைப் பார்த்துச் சொல்வதும் என் வேலையில் ஒரு பகுதி. வண்டி ரேம்ப்பில் ஏறியதும் என் கண் முதலில் போவது இன்ஜினுக்கு அடியில் இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் கவர் மேல்தான். அண்டர் கவர், ஸ்பிளாஷ் கார்ட், இன்ஜின் கார்ட் என்று ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். எல்லாம் ஒன்றுதான்.

போன மழைக்காலத்தில் ஒரு வண்டி டோ ஆகி வந்தது. ஏழு வருடம் ஓடிய பெட்ரோல் ஹேட்ச்பேக். அந்தத் தம்பி அதை வாங்கி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. "அண்ணா, மழையில வரும்போது கீச்சு கீச்சுன்னு ஒரே சத்தம். அப்புறம் பேட்டரி லைட் எரிஞ்சுது. வீடு பக்கத்துலதானேன்னு ஓட்டிட்டேன்" என்றார். அடியில் பார்த்தால் கவரே இல்லை. அது இருந்த இடத்தில் திருகு போடும் ஓட்டைகள் மட்டும் மண்ணடைத்துக் கிடந்தன. பெல்ட் நார் நாராகக் கிழிந்து தொங்கியது. கீழே இருக்கும் பெரிய புல்லியின் காடிக்குள் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு ஜல்லி இறுகிப் போய்ச் சிக்கியிருந்தது. ஸ்குரூ டிரைவரால் நெம்பித்தான் எடுத்தேன்.

அந்த இன்ஜினில் ஆல்டர்னேட்டரைச் சுற்றும் அதே பெல்ட்தான் வாட்டர் பம்ப்பையும் சுற்றுகிறது. பெல்ட் போனதும் பேட்டரி சார்ஜ் நின்றது, இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் ஓட்டமும் நின்றது. பேட்டரி லைட்டைப் பார்த்தவர் டெம்பரேச்சரைப் பார்க்கவில்லை. வீடு வந்து சேர்வதற்குள் இன்ஜின் சூடேறி, அதன் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கட் போய்விட்டது. ஹெட் வளைந்திருந்ததால் லேத்துக்கு அனுப்பி ஃபேஸிங் அடித்து, அதாவது மட்டமாகச் சீவி, வாங்க வேண்டியிருந்தது. எல்லாம் சேர்த்து முப்பதாயிரத்தைத் தாண்டியது. அந்த மாடலுக்கு அடி கவர் இரண்டாயிரம் ரூபாய்கூட ஆகாது. கவர் இருந்திருந்தால் அந்தக் கல் வந்தே இருக்காது என்று நூற்றுக்கு நூறு என்னால் சொல்ல முடியாது. ஆனால் கல் சிக்கிய இடம், கம்பெனி அந்த பிளாஸ்டிக்கைக் கொடுத்து மறைத்து வைத்திருந்த அதே இடம்.

வண்டி போகும்போது முன் சக்கரம் என்ன செய்கிறது என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். ரோட்டில் இருக்கும் தண்ணீர், மணல், ஜல்லி எல்லாவற்றையும் வாரி இறைத்துக்கொண்டே போகிறது. நம் ஊர்ச் சின்ன கார்களில் இன்ஜின் குறுக்கே உட்கார்ந்திருப்பதால் பெல்ட் இருக்கும் பக்கம் ஒரு சக்கரத்துக்கு ஒட்டினாற்போல் இருக்கும். நடுவில் மறைப்பாக இருப்பது இந்த பிளாஸ்டிக் மட்டும்தான். பெல்ட்டில் தண்ணீர் பட்டால் வழுக்கும், கீச்சென்று கத்தும். மணல் பட்டால் தேயும். பக்கத்திலேயே ஏசி கம்ப்ரஸர், ஆல்டர்னேட்டர், சென்சார் ஒயர்களின் கனெக்டர்கள் எல்லாம் இருக்கின்றன. கனெக்டருக்குள் ஈரம் ஏறினால் உடனே தெரியாது. மாதக்கணக்கில் பச்சைக் களிம்பு பிடித்து, ஒருநாள் காரணமே இல்லாமல் செக் இன்ஜின் லைட் எரியும். அதற்கு ஸ்கேன் செய்து, சென்சார் மாற்றி, மறுபடி அதே லைட் எரிந்து அலைந்தவர்களை எனக்குத் தெரியும். கடற்கரை ஓரம் ஓடும் வண்டிகளுக்கு இன்னொரு தொல்லை உண்டு. இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் ஆயில் சம்ப் இரும்புத் தகடாக இருந்தால் உப்பு ஈரத்தில் துருப்பிடித்து, செதில் செதிலாக உரிந்து, கடைசியில் ஆயில் கசியத் தொடங்கும்.

காற்றுக்கும் இதில் பங்கு உண்டு. அடிப்பக்கம் வழவழப்பாக இருந்தால் காற்று தடையில்லாமல் பின்னால் போகும். சில மாடல்களில் பம்பர் வழியாக வரும் காற்று கீழே நழுவிவிடாமல் ரேடியேட்டர் பக்கம் திருப்பிவிடுவதும் இந்தக் கவரின் முன்பகுதிதான். அதைக் கழற்றி எறிந்துவிட்டு, "வெயில் காலத்தில் ஏசி சரியாகக் கூலிங் வரவில்லை" என்று வருபவர்கள் உண்டு.

சக்கரத்துக்கு மேலே பார்த்தால் அரைவட்டமாக ஒரு கறுப்பு பிளாஸ்டிக் இருக்கும். அதை லைனர் என்போம். அதுவும் இதே குடும்பம்தான். அது கிழிந்திருந்தால் சக்கரம் வாரும் சேறு ஃபெண்டரின் கீழ் மூலையில், கதவுக்கு முன்னால், போய் அடைத்துக்கொள்ளும். அங்கே ஈரம் காயவே காயாது. வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும்போதே உள்ளேயிருந்து துரு தின்றுகொண்டு வரும். பெயின்ட் மேல் கொப்புளம் தெரிகிற அன்று டிங்கர் வேலை பெரிதாகிவிட்டிருக்கும்.

ஒன்றை மட்டும் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இது தெறிக்கும் தண்ணீரைத் தடுக்கும் கவர். தேங்கிய தண்ணீரைத் தடுக்காது. அடி கவர் நன்றாக இருக்கிறது என்ற தைரியத்தில் முழங்கால் தண்ணீரில் வண்டியை இறக்குகிறார்கள். இன்ஜினைக் கெடுக்கும் தண்ணீர் கீழே இருந்து வருவதில்லை, காற்று இழுக்கும் குழாய் வழியாகப் போகிறது. பிஸ்டன் காற்றை நசுக்கும், தண்ணீரை நசுக்க முடியாது; பிஸ்டனோடு சேர்ந்த கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தண்ணீரில் வண்டி நின்றுபோனால் தயவுசெய்து மறுபடி ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். இறங்கி, தள்ளி, டோ செய்து எடுத்து வாருங்கள். இப்படிப் போகும் இன்ஜினுக்குச் சாதாரண இன்சூரன்ஸ் பெரும்பாலும் பணம் தராது. இன்ஜின் புரொடெக்ட் என்று தனியாகச் சேர்க்கும் இன்சூரன்ஸ் பாதுகாப்பு இருக்கிறதா என்று இன்றைக்கே பாலிசியை எடுத்துப் பாருங்கள்.

வெள்ளம் என்றதும் பழைய கார் வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2015 டிசம்பரில் முடிச்சூரும் வேளச்சேரியும் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடி மூழ்கின. தண்ணீரில் நின்ற வண்டிகளை சீட்டைக் கழற்றி, கார்பெட்டைக் காய வைத்து, பாலிஷ் போட்டு விற்பனைக்கு நிறுத்துகிறார்கள். உள்ளே எல்லாம் மணக்க மணக்க இருக்கும். அடி கவரின் மேல்பக்கத்தை மட்டும் மறந்துவிடுவார்கள். வாட்டர் வாஷ் பண்ணும்போது கீழேயிருந்து அடிக்கும் தண்ணீர் அந்த மேல்பக்கத்துக்குப் போகாது. ஒரு வண்டியில் கவரைக் கழற்றிக் கவிழ்த்தேன். சலித்த மாவு போல மெல்லிய வண்டல், ஓரத்தில் ஏரி வற்றியது போல வெடித்துக் காய்ந்து, நடுவில் வைக்கோல் துணுக்கோடு படிந்திருந்தது. ரோட்டுத் தூசி அப்படி இருக்காது. அது நறநறவென்று, ஆயில் கலந்து கறுப்பாக இருக்கும். விரலில் எடுத்துத் தேய்த்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும். அதன் பிறகுதான் சீட் ரெயிலையும் கார்பெட்டுக்கு அடியையும் பார்த்தோம். சந்தேகம் சரியாகப் போயிற்று.

இன்னொன்றும் பார்ப்பேன். இந்த பிளாஸ்டிக் பாகங்கள் பலவற்றில் உட்பக்கம் கடிகார முகம் போல ஒரு சின்ன வட்டம் அச்சாகியிருக்கும். சுற்றி மாத எண்கள், நடுவில் ஓர் அம்புக்குறி, இரண்டு இலக்கத்தில் ஆண்டு. அந்த பாகம் வார்க்கப்பட்ட மாதமும் வருடமும் அதுதான். ஆர்.சி.யில் வண்டி 2017 என்று இருந்து, கவரில் 21 என்று இருந்தால் கவர் மாற்றப்பட்டிருக்கிறது. ஸ்பீடு பிரேக்கரில் உரசி உடைந்ததால் மாற்றியிருக்கலாம், அது நல்ல பராமரிப்பு. பம்பர், லைனர், ஹெட்லைட் எல்லாமே அதே வருடத்தைக் காட்டினால் முன்பக்கம் இடி வாங்கிய வண்டி என்று சந்தேகப்படலாம். விற்பவரிடம் நேராகக் கேளுங்கள்.

கவர் இல்லவே இல்லையென்றால் உடனே வண்டியை ஒதுக்கிவிடவும் வேண்டாம். சில மாடல்களின் கீழ் வேரியன்ட்டுகளில் முழு கவர் வராது, பக்கவாட்டுத் துண்டு மட்டும் வரும். திருகு ஓட்டைகள் காலியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். சேஸிஸ் நம்பரைக் கொடுத்து ஷோரூம் ஸ்பேர்ஸ் கவுன்டரில் கேட்டால் அந்த வண்டிக்கு என்ன வந்திருக்க வேண்டும் என்று சொல்லிவிடுவார்கள்.

வந்திருக்க வேண்டிய கவர் ஏன் காணாமல் போகிறது? பெரும்பாலும் எங்கள் தொழிலில் இருப்பவர்களால்தான். ஆயில் மாற்ற அதைக் கழற்ற வேண்டும். கவரைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப்பின் நடுவில் இருக்கும் ஊசியை முதலில் தூக்கிவிட்டு அப்புறம்தான் கிளிப்பை எடுக்க வேண்டும். அவசரத்தில் ஸ்குரூ டிரைவரைக் கொடுத்து ஒரே நெம்பு நெம்பினால் கிளிப்பும் உடையும், கவரின் காதும் கிழியும். பத்து கிளிப்பில் நாலு போய்விடும். அடுத்த சர்வீஸில் மூன்று. கடைசியில் கேபிள் டையில் கட்டி அனுப்புவார்கள். முன் விளிம்பு தளர்ந்த கவருக்குள் ஹைவேயில் காற்று புகுந்தால் அப்படியே மடித்துக் கீழே இழுக்கும். சக்கரத்தில் சிக்கலாம், கழன்று பின்னால் வரும் பைக்காரர் மேல் விழலாம். அடியில் படபடவென்று சத்தம் கேட்டால் ஓரமாக நிறுத்துங்கள். கையால் தூக்கிப் பிடித்துக் கட்ட முடிந்தால் கேபிள் டை போட்டு மெதுவாக ஒர்க்‌ஷாப்புக்கு வாருங்கள். சைலன்ஸர் பக்கம் துணியோ கயிறோ வைத்துக் கட்டாதீர்கள், தீப்பிடிக்கும்.

தீ என்றதும் ஆயில் ஊறிய கவரையும் சொல்லிவிடுகிறேன். ஆயில் லீக்கை இந்தக் கவர் மறைத்துவிடும். பார்க்கிங் தரையில் ஒரு சொட்டுகூட விழாது, உள்ளே ஊறிக்கொண்டே இருக்கும். சில வண்டிகளில் இது பிளாஸ்டிக் இல்லை, கம்பளம் போன்ற ஃபெல்ட். அது ஆயிலைக் குடித்து வைத்துக்கொள்ளும். மரத்தடியில் நிற்கும் வண்டி என்றால் அதன் மேல் சருகு சேரும், எலி கூடு கட்டும். சூடான எக்ஸாஸ்டுக்குப் பக்கத்தில் சருகும் ஆயிலும் சேர்ந்திருப்பது நல்லதல்ல. வருடத்துக்கு ஒரு தடவையாவது கழற்றித் தட்டிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

இரும்புத் தகடு போடலாமா என்று கேட்பார்கள். கம்பெனியே கொடுத்திருந்தால் சரி. வெளியே வெட்டி வெல்டிங் வைத்துப் போடும் கனமான தகட்டை நான் பரிந்துரைப்பதில்லை. சூடு வெளியேற வழி அடைபடும். தண்ணீர் வடிய ஓட்டை இருக்காது. ஆயில் மாற்ற ஒவ்வொரு தடவையும் அத்தனை போல்ட்டைக் கழற்ற வேண்டுமே என்று, சரியாக இறுக்காமல் விட்டுவிடுவார்கள்.

வண்டி பார்க்கப் போகும்போது பெரிய கருவி எதுவும் தேவையில்லை. இன்ஜின் ஆறியிருக்கட்டும். மொபைலில் டார்ச்சைப் போட்டு, வீடியோவை ஓடவிட்டு, பம்பருக்கு அடியில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை மெதுவாகக் கொண்டு போங்கள். அப்புறம் ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி, சக்கரத்துக்குப் பின்னால் லைனரைப் பாருங்கள், மறுபக்கமும் அப்படியே. ஜாக்கி மட்டும் வைத்த வண்டிக்கு அடியில் தலையைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். சர்வீஸ் முடிந்து வண்டியை எடுக்கும்போதும் இதே வீடியோ எடுங்கள். கிளிப் குறைந்தால் அங்கேயே கேளுங்கள்.

அந்தத் தம்பி இரண்டு மாதத்துக்கு முன் திரும்பக் கூப்பிட்டார். அக்காவுக்கு ஒரு கார் பார்க்கிறாராம். வாட்ஸ்அப்பில் ஒரு நிமிட வீடியோ அனுப்பியிருந்தார். கவர் முழுசாக இருந்தது, காய்ந்திருந்தது, இடது ஓரத்தில் இரண்டு கிளிப் மட்டும் இல்லை. "கிளிப் நம்மகிட்ட இருக்கு, ரேம்ப்புக்குக் கொண்டு வாங்க, மேல்பக்கத்தையும் பார்த்துடலாம்" என்றேன்.