கட்டியை எடுத்தாச்சு, அப்புறம் எதுக்கு சிகிச்சை?

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து, தையல் பிரித்து, அடுத்த கட்டத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பெரும்பாலான குடும்பங்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "அதான் கட்டியை எடுத்தாச்சே டாக்டர், அப்புறம் எதுக்குக் கீமோ, கரண்ட்டு?" கீமோ என்பது புற்றுநோய் செல்களை அழிக்கும் மருந்து, கரண்ட் என்று சொல்வது கதிர்வீச்சு சிகிச்சையை. நியாயமான கேள்வி.

கத்தியால் எடுக்க முடிவது கண்ணுக்கும் கைக்கும் தெரிகிற நோயைத்தான். அதற்கு முன்பே சில செல்கள் ரத்தத்தின் வழியாகவோ நெறிக்கட்டிகளின் வழியாகவோ எலும்பு, நுரையீரல், கல்லீரல் என்று போயிருக்கலாம். ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று வந்தாலும் முழு நிம்மதிக்கு இடமில்லை. சில மில்லிமீட்டர் அளவுக்கு வளர்ந்தால்தான் ஸ்கேனில் தெரியும். அந்தச் சின்னப் புள்ளியிலேயே கோடிக்கணக்கில் செல்கள் இருக்கும்.

ஒரு காலத்தில் இதற்கு விடையாக அறுவை சிகிச்சையைத்தான் பெரிதாக்கிக்கொண்டே போனார்கள். மார்பகத்தோடு நெஞ்சுத் தசையையும் சேர்த்து எடுத்தார்கள். அப்படியும் நோய் திரும்பியது. 1976இல் இத்தாலிய மருத்துவர் பொனடோனா, அறுவை சிகிச்சைக்குப் பின் மூன்று மருந்துகள் கொண்ட கீமோ கொடுத்தால் நோய் திரும்புவது குறைகிறது என்று காட்டினார். அமெரிக்க அறுவை மருத்துவர் பெர்னார்ட் ஃபிஷர் நடத்திய ஆய்வுகள் அறுவை சிகிச்சையைச் சிறிதாக்கலாம் என்று நிரூபித்தன. இன்று பல பெண்களுக்கு மார்பகத்தை முழுதாக எடுக்காமல் கட்டியை மட்டும் எடுக்க முடிகிறது என்றால், பின்னால் வரும் சிகிச்சைகளை நம்பித்தான் அதைச் செய்கிறோம். கட்டியை மட்டும் எடுத்தவர்கள் கரண்ட் வைத்துக்கொண்டால் அடுத்த 10 ஆண்டுகளில் நோய் திரும்பும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகிறது. பலருக்கு மூன்று வாரங்களிலேயே அது முடிந்துவிடும்.

எல்லோருக்கும் எல்லா சிகிச்சையும் தேவையில்லை. கட்டியின் அளவு, அக்குள் நெறிக்கட்டிகளில் நோய் இருக்கிறதா, ஈ.ஆர்., பி.ஆர். (நோய்க்கும் பெண் ஹார்மோன்களுக்கும் தொடர்பு உண்டா என்று காட்டுபவை), ஹெர்2 (செல்களை வேகமாக வளரத் தூண்டும் ஒரு புரதம்) முடிவுகள் என்ன என்று பார்த்துத்தான் முடிவெடுக்கிறோம். அதனால் பயாப்சி ரிப்போர்ட்டை நகையைப் போல பத்திரமாக வையுங்கள். ஹெர்2வில் இரண்டு பிளஸ் என்று வந்தால் அது முடிவான பதில் அல்ல. ஃபிஷ் என்ற கூடுதல் பரிசோதனை செய்தாக வேண்டும். ஹெர்2 பாசிட்டிவ் என்று உறுதியானால் டிராஸ்டுசுமாப் ஊசியை வழக்கமாக ஓராண்டு போடுகிறோம், இடையிடையே இதயத்துக்கு எக்கோ எடுத்துக்கொண்டு.

கீமோ தேவைப்பட்டால் காயம் ஆறியதும், பொதுவாக நான்கிலிருந்து ஆறு வாரங்களுக்குள், தொடங்கிவிடுவது நல்லது. வீட்டில் விசேஷம், ஆடி மாதம் என்று தள்ளிப்போட வேண்டாம். கீமோ நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் நடு ராத்திரி ஆனாலும் மருத்துவமனைக்கு வாருங்கள். வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நேரத்தில் மாத்திரை போட்டுவிட்டுக் காத்திருப்பது ஆபத்து.

இனி எனக்கு அதிகம் கவலை தரும் விஷயம். கீமோவுக்குப் பயந்தாலும் எப்படியோ முடித்துவிடுகிறார்கள். ஆனால் ஹார்மோனைத் தடுக்க தினமும் போட வேண்டிய ஒரு மாத்திரையைப் பாதியில் விட்டுவிடுகிறார்கள். ஈ.ஆர். பாசிட்டிவ் நோய்க்கு டாமாக்ஸிஃபென், மாதவிடாய் நின்றவர்களுக்கு லெட்ரோசோல் அல்லது அனஸ்ட்ரோசோல். குறைந்தது 5 ஆண்டுகள், சிலருக்கு 10 ஆண்டுகள் வரை. கீமோவைப் போல முடி கொட்டாது, அட்மிட் ஆக வேண்டாம், விலையும் குறைவு. அதனாலேயே சத்து மாத்திரை மாதிரி நினைத்துவிடுகிறார்கள். 5 ஆண்டுகள் டாமாக்ஸிஃபென் எடுத்தவர்களிடம் மார்பகப் புற்றுநோயால் ஏற்படும் இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. இந்த வகை நோய் 10, 15 ஆண்டுகள் கழித்தும் திரும்பக்கூடியது என்பதால்தான் இவ்வளவு காலம் கொடுக்கிறோம்.

திடீரென உடம்பு தகிப்பது, மூட்டு வலி, வெள்ளைப்படுதல், தூக்கமின்மை எல்லாம் உண்மையான தொந்தரவுகள். கூச்சப்பட்டுச் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடும் பெண்கள் அதிகம். எங்களிடம் சொல்லுங்கள் அம்மா, மருந்தை மாற்ற முடியும், தொந்தரவுக்குத் தனியாக மருந்து தர முடியும். மாதவிடாய் நின்ற பிறகு மறுபடி ரத்தம் பட்டாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ உடனே காட்டுங்கள். லெட்ரோசோல் எடுப்பவர்கள் எலும்பு அடர்த்தியைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

குழந்தை வேண்டும் என்பதால் மாத்திரையை விடும் இளம் பெண்களும் உண்டு. டாமாக்ஸிஃபென் எடுக்கும்போது கர்ப்பம் கூடாது, அது கருவைப் பாதிக்கும். ஆனால் வழி இருக்கிறது. ஒன்றரையிலிருந்து இரண்டரை ஆண்டுகள் மாத்திரை எடுத்த பிறகு, குழந்தைக்காக இரண்டு ஆண்டுகள் வரை இடைவெளி விட்ட பெண்களைப் பற்றிய ஆய்வு 2023இல் வெளியானது. முதல் சில ஆண்டுகளில் அவர்களுக்கு நோய் திரும்புவது அதிகரிக்கவில்லை. எப்போது நிறுத்துவது, எப்போது மறுபடி தொடங்குவது என்பதை உங்கள் புற்றுநோய் மருத்துவரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். முடிந்தால் கணவரையும் கூட்டி வாருங்கள்.