மாமனார் பையில் ஒரு தோட்டா

ஓசூர், கிருஷ்ணகிரி நீதிமன்றங்களில் வழக்கறிஞராக இருக்கிறேன். ஆயுதச் சட்ட வழக்கு என்றாலே எங்கள் பக்கம் அஞ்செட்டி, தளி காட்டோரங்களில் பிடிபடும் நாட்டுத் துப்பாக்கிதான் நினைவுக்கு வரும். ஆனால் இந்தச் சட்டத்தில் மாட்டிக்கொண்டு என்னிடம் வருகிறவர்களில் சிலர், வாழ்நாளில் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. அவர்கள் பிடிபட்டது விமான நிலையத்தில்.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளர். கம்பெனி வேலையாகப் புனே போக வேண்டும், பெங்களூரில் காலை விமானம். கிளம்பும் நேரத்தில் அவர் பையின் ஜிப் அறுந்துவிட்டது. வீட்டில் கிடந்த மாமனாரின் காக்கித் தோள்பையில் துணியை அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினார். மாமனாருக்கு ராயக்கோட்டைப் பக்கம் மாந்தோப்பும் ராகிக் காடும். பயிர்ப் பாதுகாப்புக்காக முறையான லைசென்சோடு டபுள் பேரல் துப்பாக்கி வைத்திருப்பவர்.

ஸ்கேனரில் போன பை திரும்பி வரவில்லை. தனியாக எடுத்து வைத்துவிட்டார்கள். ஓர அறையில் கைவிட்டுப் பார்த்தால் ஒன்றும் இல்லை. அந்த அறையின் உள்துணி கிழிந்து, கிழிசல் வழியாக அடிப்பக்கம் இறங்கிக் கிடந்தது ஒரு 12 போர் (குழல் அளவு) தோட்டா. சிவப்பு பிளாஸ்டிக் வெளுத்து, பித்தளை அடி பச்சைப் பூத்திருந்தது. எத்தனை வருடமாகக் கிடந்ததோ. "சார், இது எங்க மாமனார் பை சார்" என்று அவர் சொன்னதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் விமானம் போய்விட்டது, அவரை விமான நிலையக் காவல் நிலையத்தில் ஒப்படைத்தார்கள், வழக்கும் பதிவானது.

ஒரே ஒரு தோட்டாதானே என்று கேட்பவர்களுக்கு: 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 3ஆம் பிரிவு துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் சேர்த்தே உரிமம் கேட்கிறது. உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் 25ஆம் பிரிவில், 2019 திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. மாமனாரின் லைசென்ஸ் மருமகனுக்குச் செல்லாது.

தெரியாமல் பையில் கிடந்தது குற்றமாகுமா? தன்னிடம் இருப்பது தெரிந்து வைத்திருப்பதுதான் சட்டம் சொல்லும் வைத்திருத்தல் என்பதை உச்ச நீதிமன்றம் 1972இலேயே குன்வந்த்லால் வழக்கில் விளக்கியிருக்கிறது. இதை வைத்து உயர் நீதிமன்றங்கள் பல வழக்குகளை ரத்து செய்தும் இருக்கின்றன. ஆனால் அந்த இடத்துக்குப் போய்ச் சேரும் வரை அலைவது யார்? வழக்கு கர்நாடகத்தில் என்பதால் எல்லாமே அங்கேதான். வழக்கு நிலுவையில் இருக்கும்போது பாஸ்போர்ட் வாங்குவதும் சிக்கல். வெளிநாட்டு வேலைக்குக் காத்திருந்த அந்தப் பொறியாளருக்கு இதுதான் பெரிய அடி. ஒவ்வொரு வாய்தாவுக்கும் மாமனார் கூடவே வந்தார், லைசென்சைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கையில் பிடித்தபடி.

சரி, லைசென்ஸ் உள்ளவர் துப்பாக்கியோடு பறக்க முடியுமா? முடியும். எங்கள் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் முன்னாள் ராணுவத்தினர் பலர் சொந்தத் துப்பாக்கியோடு வெளிமாநிலங்களில் காவலர் வேலைக்குப் போகிறார்கள். அவர்களிடம் நான் முதலில் கேட்பது விமானத்தைப் பற்றி அல்ல. லைசென்சை எடுத்து, அது எந்த எல்லைக்குள் செல்லும் என்று எழுதியிருக்கிற இடத்தைப் படிக்கச் சொல்வேன். தமிழ்நாடு மட்டும் என்று இருந்தால், ஓசூரைத் தாண்டி, கர்நாடகத்தில் இருக்கும் அத்திப்பள்ளியில் கார் நுழைந்ததுமே தவறு ஆரம்பித்துவிடுகிறது. பெங்களூரின் தேவனஹள்ளி விமான நிலையம் அதற்கப்புறம்தான். தருமபுரிக்காரர்கள் சேலம் காமலாபுரம் விமான நிலையத்தில் ஏறினால் இந்த எல்லைத் தொல்லை இல்லை, ஆனால் இறங்கும் மாநிலமும் லைசென்சில் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் எல்லையை விரிவுபடுத்த முன்கூட்டியே மனு கொடுங்கள். காலாவதித் தேதியையும் அப்போதே பாருங்கள்.

அப்புறம் விமான நிறுவனம். டிக்கெட் போடும் முன்பே கேளுங்கள், கட்டணமும் நிபந்தனையும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். துப்பாக்கி ஒருபோதும் கைப்பையில் போகாது. சரக்கறைக்குப் போகும் சாமானாகத்தான் போகும். தோட்டாவைக் கழற்றி, பூட்டுப் போட்ட கெட்டியான பெட்டியில் துப்பாக்கியை வைத்து, தோட்டாக்களைத் தனியாக, ஆடாமல் அடுக்கிக் கட்ட வேண்டும். பொதுவாக 50 தோட்டா வரை, மொத்த எடை 5 கிலோவுக்குள். செக்-இன் கவுன்டரில் நீங்களாகவே "என்னிடம் துப்பாக்கி இருக்கிறது, லைசென்ஸ் இது" என்று சொல்லி அசலைக் காட்ட வேண்டும். துப்பாக்கியை அங்கே கையில் எடுத்துக் காட்டாதீர்கள். அவர்கள் சொல்லும் இடத்தில், அவர்கள் முன்னிலையில் மட்டும் பெட்டியைத் திறங்கள். அறிவிப்புப் படிவம், சரிபார்ப்பு என்று நேரம் இழுக்கும். உள்நாட்டுப் பயணமானாலும் மூன்று மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள்.

மாந்தோப்பில் குரங்கு விரட்டும் ஏர் கன்னும், பேரனுக்கு வாங்கிய நிஜம் போன்ற பொம்மைத் துப்பாக்கியும்கூட கைப்பையில் ஆகாது. வெளிநாடு போகிறவர்களுக்கு ஒன்று: நம் லைசென்ஸ் அங்கே வெறும் காகிதம். போகும் நாட்டின் அனுமதி தனியாக வேண்டும்.

வீட்டில் யாருக்காவது லைசென்ஸ் இருந்தால், தோட்டத்துக்குப் போகும் பையைத் தனியாக வையுங்கள், அதில் ஊருக்குத் துணி அடுக்காதீர்கள். எந்தப் பழைய பையை எடுத்தாலும் கவிழ்த்து உதறி, உள்துணியை வெளியே இழுத்து விரலால் தடவிப் பாருங்கள். விமான நிலைய வாசலில்தான் தோட்டா கண்ணில் பட்டது என்றால் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். பை ஸ்கேனருக்குள் போகும் முன்னே நீங்களாக அங்குள்ள பாதுகாவலரிடம் சொல்லுங்கள். தெரியாமல் நடந்தது என்று பின்னால் வாதாட அது உதவும்.

தாத்தா இறந்த பிறகு பரணில் துப்பாக்கியும் தோட்டாவும் கிடக்கும் வீடுகள் எங்கள் பக்கம் இன்னும் இருக்கின்றன. லைசென்ஸ்காரர் போன பிறகு அவற்றை வீட்டில் வைத்திருக்க முடியாது. தாமதிக்காமல் பக்கத்துக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்கும்படி அதே சட்டத்தின் 21ஆம் பிரிவு சொல்கிறது. வாரிசு தன் பெயரில் உரிமம் வாங்க விரும்பினால் அதற்கு அப்புறம் விண்ணப்பிக்கலாம். ஒப்படைக்கும்போது தோட்டாக்களை எண்ணி, எண்ணிக்கையோடு ரசீது கேட்டு வாங்குங்கள்.