காலநிலை 'முரண்பாடு' அல்ல, பிணக்கு

கொழும்பில் காலநிலை மாற்றம் குறித்து நடக்கும் கருத்தரங்குகளில் தமிழ்ப் பதாகை ஒன்றும் தொங்கினால், அதில் 'காலநிலை மாற்றமும் முரண்பாடும்' என்று எழுதியிருப்பது வழமையாகிவிட்டது. ஆங்கிலத்தின் 'கொன்ஃபிளிக்ட்' என்ற சொல்லுக்கு உரைபெயர்ப்பாளர்களும் முரண்பாடு என்றே சொல்கிறார்கள். அண்மையில் ஓர் அறிக்கையின் தமிழ்ப் பதிப்பில் 'ஆபிரிக்காவில் காலநிலை முரண்பாடுகள் அதிகரித்து வருகின்றன' என்ற வரியைப் படித்தேன். விடயம் தெரியாத ஒருவர் இதை எப்படி விளங்கிக்கொள்வார்? அங்கே மாரியில் வெயிலும் கோடையில் மழையும் வருகின்றன என்றுதானே. மேய்ச்சல் நிலத்துக்காகவும் தண்ணீருக்காகவும் மனிதர்கள் வெட்டுண்டு சாகிறார்கள் என்ற செய்தி அந்த வரியில் எங்கும் இல்லை.

சொற்பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆங்கிலத்தின் 'கொன்ஃபிளிக்ட்' லத்தீனிலிருந்து வந்தது. ஒன்றோடொன்று அடிபடுதல் என்பதே அதன் மூலப்பொருள். சிங்களத்தில் வழங்கும் சொல்லும் மோதுதல் என்ற வினையிலிருந்து பிறந்ததுதான். 'கிளைமேட்' கிரேக்கத்தில் சரிவைக் குறித்தது. அதற்கு நம் பள்ளிப் புவியியல் நூல்கள் தந்த காலநிலை என்ற சொல்லில் குறையொன்றுமில்லை. தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் பல எழுதும் 'பருவநிலை மாற்றம்' எனக்கு உடன்பாடில்லை. பருவம் ஆண்டுக்குள் மாறுவது. இங்கே பேசப்படுவதோ பல பத்தாண்டுகளில் நிகழும் மாற்றம்.

முரண்பாட்டுக்கு வருவோம். இரண்டு கூற்றுகள் ஒன்றுக்கொன்று பொருந்தாதபோது முரண்பாடு என்கிறோம். சாட்சியின் வாக்குமூலத்தில் முரண்பாடு, கட்சியின் கொள்கையில் முரண்பாடு. தொல்காப்பியம் சொல்லும் முரண்தொடையும் செய்யுளில் சொல்லோடு சொல்லும் பொருளோடு பொருளும் எதிரெதிராய் நிற்பதையே குறிக்கிறது. 'சங்கப் பாடல்களில் முரண் என்றால் பகை, வலிமை என்றும் பொருள் உண்டே' என்று ஒரு நண்பர் வாதிட்டார். உண்டுதான். ஆனால் அந்தப் பொருள் இன்று வழக்கில் இல்லை. நாற்றம் ஒருகாலத்தில் நறுமணத்தையும் குறித்தது என்பதற்காக மல்லிகையின் நாற்றம் என்று இன்று யாரும் எழுதுவதில்லை.

இந்தச் சொல் இங்கே வேரூன்றியதில் நம் வரலாற்றுக்கும் பங்குண்டு. 2002 சமாதானப் பேச்சுக் காலத்தில் கொழும்பு அரசுசாரா நிறுவனங்களின் வாயில் எந்நேரமும் 'முரண்பாட்டுத் தீர்வு' இருந்தது. 1983 முதல் 2009 வரை ஊர்களையும் உயிர்களையும் தின்ற ஒரு போரை முரண்பாடு என்று சொன்னது அன்றே எனக்கு வலித்தது. குண்டு விழுந்த வீட்டில் இருந்தவர்கள் யாரும் அப்படிச் சொல்லவில்லை. யுத்தம் என்றார்கள், சண்டை என்றார்கள். மழுங்கிய சொல்லைப் பழகிக்கொண்ட மொழிபெயர்ப்பாளர்கள் இப்போது அதையே காலநிலையோடும் ஒட்டுகிறார்கள்.

இதற்கு நேரெதிரான தவறு 'காலநிலை யுத்தம்'. தொலைக்காட்சிச் செய்திகளுக்கு இது மிகப் பிடிக்கிறது. கேட்கவும் விறுவிறுப்பாக இருக்கிறது. ஆனால் அது வானத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி, ஆட்சியாளர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. சூடானின் டார்பூரைப் பாருங்கள். அங்கே மழை குறைந்து, மேய்ப்பர்களும் பயிர்செய்வோரும் நிலத்துக்காகப் பொருதியதில் காலநிலை மாற்றத்துக்கும் பங்குண்டு என்று 2007 இல் ஐ.நா. செயலாளர் நாயகமாக இருந்த பான் கீ மூன் எழுதினார். அங்கே கிராமங்களைத் தாக்கிய ஜன்ஜாவீத் ஆயுதக் குழுக்களுக்கு ஆயுதம் கொடுத்தது மழையல்ல, கார்ட்டூமிலிருந்த சூடான் அரசு. சிரியாவில் 2006 இன் பின் வந்த கடும் வரட்சி கிராமத்து விவசாயிகளை நகரங்களுக்குத் துரத்தியது. ஆனால் 2011 இல் வீதிக்கு வந்த மக்கள்மீது சுட்டது அரசு. அந்த வரட்சிக்கும் போருக்கும் எவ்வளவு தொடர்பு என்று ஆய்வாளர்கள் இன்னமும் வாதிடுகிறார்கள். 2019 இல் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வொன்றில், கடந்த நூற்றாண்டின் ஆயுத மோதல் அபாயத்தில் 3 முதல் 20 சதவீதம்வரை காலநிலையின் தாக்கம் இருந்ததாக நிபுணர்கள் மதிப்பிட்டார்கள். ஆட்சிக் குறைபாடும் வறுமையும் அதைவிடப் பெரிய காரணங்கள் என்றார்கள். காலநிலை மாற்றத்தை மதிப்பிடும் ஐ.நா. குழுவான ஐபிசிசியின் 2022 அறிக்கையும் ஏறத்தாழ இதையே சொல்கிறது.

நம்மிடமும் சான்று உண்டு. 2006 இல் திருகோணமலை மாவட்டத்தில் வயல்களுக்குத் தண்ணீர் விடும் மாவிலாறு மதகு மூடப்பட்டதோடு போர் மீண்டும் வெடித்தது. தண்ணீரால் வந்த யுத்தம் என்று அதை யாராவது எழுதினால் சிரிப்போமா, கோபப்படுவோமா? டார்பூர்க்காரருக்கும் அந்தக் கோபம் இருக்கும்.

நான் கேட்பது பிணக்கு என்ற சொல்லை. இது புதிதாகக் காய்ச்சி வடித்த சொல்லல்ல. கைத்தொழில் பிணக்கு, காணிப் பிணக்கு என்று தொழிலாளரும் மத்தியஸ்த சபைக்குப் போகிறவரும் அறிந்தது. பிணங்குதல் என்றால் பகைத்துக்கொள்ளுதல். ஒன்றோடொன்று பின்னிச் சிக்குதல் என்பதும் அதன் பழம்பொருள். மழை, நிலம், வறுமை, சாதி, துப்பாக்கி எல்லாம் சிக்கிக் கிடக்கும் ஒரு நிலைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. 'காலநிலைசார் பிணக்கு' என்று எழுதலாம். 'சார்' என்ற ஒட்டு, காலநிலையை ஒரே காரணமாக்காமல் காக்கிறது. ஆயுதம் தூக்கப்பட்டு இரத்தம் சிந்திய இடத்தில் மோதல் என்றே எழுதவேண்டும். யானை–மனித மோதல் என்று எழுதப் பழகிய கைக்கு இது கடினமல்ல. முரண்பாடு தனக்குரிய இடத்தில் இருக்கட்டும். 'நலன் முரண்பாடு' என்பதில் எனக்கு மறுப்பே இல்லை.

இன்னொன்று. காலநிலை மாற்றத்தை 'அச்சுறுத்தல் பெருக்கி' என்று எழுதுகிறார்கள். 2007 இல் அமெரிக்க ஓய்வுபெற்ற படைத்தளபதிகளின் அறிக்கையொன்றால் பரவிய 'திரெட் மல்டிபிளையர்' என்ற ஆங்கிலத் தொடரின் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு இது. ஒலிபெருக்கிபோல ஏதோ கருவி என்றே வாசகர் எண்ணுவார். 'ஏற்கெனவே உள்ள ஆபத்துகளைக் கூட்டுகிறது' என்று வினையாக எழுதினால் போதும். பெயர்ச்சொல்லுக்குப் பெயர்ச்சொல்தான் வேண்டும் என்று எந்த இலக்கணமும் விதிக்கவில்லை.