ஆன்லைன் சூதாட்டத்துல காசு விட்ட காலேஜ் பிள்ளைங்களுக்கு: சட்டம் என்ன சொல்லுது, எங்க போவணும்

"அண்ணாச்சி, ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் போனா காலேஜுக்கு தெரிஞ்சிருமா?"ன்னு ஒரு பைய கேட்டான். ஹைகிரவுண்டுன்னா இங்க உள்ள கவர்மெண்ட் ஆஸ்பத்திரி. பாளையங்கோட்டைல நான் ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன், அங்க வார பைய அவன், ரெண்டாம் வருசம் படிக்கான், செமஸ்டர் பீஸுக்கு வீட்ல அனுப்புன காசை ஐபிஎல் சமயத்துல பெட்டிங் ஆப்ல விட்டுட்டான், விட்டதைப் பிடிக்கேன்னு லோன் ஆப்ல வேற வாங்கி அதுவும் போய்ட்டு. காசு போனதை விட, வெளிய தெரிஞ்சா போலீஸ் பிடிச்சிரும்ங்குத பயந்தான் அவன் வாயை கட்டிப்போட்டிருக்கு.

சட்டம் ரெண்டு இருக்கு பாத்துக்கிடுங்க. தமிழ்நாட்டு சட்டம் 2023 ஏப்ரல் 21ல அமலுக்கு வந்துது, அதுல நடத்துதவனுக்கு 3 வருசம் வரை ஜெயில் இல்லன்னா 10 லட்சம் வரை அபராதம், ஆடுதவனுக்கும் 3 மாசம் இல்லன்னா 5,000 ரூவா வரைன்னு இருக்கு, ரெண்டும் சேத்தும் போடலாம், அதை மறைச்சு பேசக்கூடாது. ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம்னு ஐகோர்ட்டு அதே வருசம் நவம்பர்ல சொல்லிட்டு. அப்புறம் 2025 ஆகஸ்ட் 22ல ஜனாதிபதி ஒப்புதல் கொடுத்த மத்திய சட்டம், திறமையா அதிர்ஷ்டமாங்குத சண்டையே வேண்டாம், காசு கட்டி ஆடுத ஆன்லைன் ஆட்டம் எதையும் நடத்தக்கூடாதுன்னுட்டு. நடத்துனா 3 வருசம், 1 கோடி வரைக்கும். ஆனா அந்த சட்டத்துல ஆடி ஏமாந்தவனுக்கு தண்டனைன்னு ஒண்ணும் வைக்கல.

இப்போ ஆஸ்பத்திரி விசயம். 2017 மனநல சட்டம் 23வது பிரிவு, வைத்தியம் பாக்கதுல தெரிய வந்ததை டாக்டர் வெளிய சொல்லக்கூடாதுங்கு. உயிருக்கு ஆபத்து, கோர்ட்டு உத்தரவு மாதிரி சிலதுக்குத்தான் விதிவிலக்கு. ஓபி சீட்டு போட்டு மனநலப் பிரிவுல போய் உக்காந்தா காலேஜுக்கு ஒரு லெட்டரும் போவாது. சூதாட்டத்தை விட முடியாம கிடக்கது நோய்னு உலக சுகாதார நிறுவனத்தோட பட்டியல்லயே இருக்கு, திமிருன்னு வீட்ல சொல்லுதாங்கல்லா, அப்படி இல்ல.

நமக்கு அந்த அளவுக்கு போய்ட்டான்னு எப்படி கண்டுபிடிக்கதுன்னா, ஆராய்ச்சி பண்ணுதவங்க 1997லயே ரெண்டே ரெண்டு கேள்வி வச்சிருக்காங்க. மேல மேல அதிக காசு கட்டணும்னு தோணிருக்கா? எவ்வளவு ஆடுனோம்ங்குதை வேண்டப்பட்டவங்கட்ட பொய் சொல்லிருக்கியா? ஒண்ணுக்கு ஆமான்னு வந்தாலே ஒருக்கா டாக்டரை பாத்துரு. அந்த பையட்ட நான் கேட்டேன், ரெண்டுக்கும் தலையை குனிஞ்சிட்டான்.

நேர்ல போவ கூச்சமா இருந்தா 14416ன்னு அரசாங்கத்தோட மனநல உதவி நம்பர் இருக்கு, இலவசம், 24 மணி நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம், பேரு ஊரெல்லாம் நீ சொன்னாத்தான் உண்டு. கையோட பேங்க் ஆப்ல யூபிஐ லிமிட்டையும் குறைச்சு வச்சிரு, ராத்திரி ரெண்டு மணிக்கு புத்தி கெடும்போது அது ஒரு தடுப்பு.

1930 வேற, அது சைபர் மோசடிக்கு. ஜெயிச்ச காசை எடுக்க டாக்ஸ் கட்டுன்னு ஒருத்தன் பணம் பிடுங்குனான்னா உடனே கூப்பிடு, லேட்டாக்குனா காசு கைமாறி போயிரும். லோன் ஆப்காரன் உன் போன்ல உள்ள நம்பருக்கெல்லாம் கூப்பிட்டு அசிங்கப்படுத்துனாலும் புகார் கொடுக்கலாம், காண்டாக்ட் லிஸ்டை தொடவே கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் 2022லயே சொல்லியாச்சு.

இதுல எனக்கு ரொம்ப எரிச்சல் என்னன்னா, கடன்ல நிக்க பையன்ட்ட வந்து "உன் பேங்க் அக்கவுண்டை ஒரு மாசம் கொடுல, கமிஷன் தாரேன்"னு சொல்லுதானுவ பாருங்க, அது. கொடுத்திராத மக்கா. பெட்டிங்காரன் காசு உன் அக்கவுண்ட் வழியா போனா அக்கவுண்டை முடக்கிருவாங்க, கேசு உன் பேர்ல வரும், இவ்வளவு நேரம் சொன்ன பாதுகாப்பு எதுவும் அதுக்கு கிடையாது.

அந்த பையனுக்கு ஹாஸ்டல்ல வச்சு 14416க்கு பேச இடமில்லன்னான். கடைக்கு பின்னால பேப்பர் கட்டு போட்டிருக்க ரூம்ல உக்காந்து பேசுலேன்னு சொல்லிட்டு ஜெராக்ஸ் மெஷினை ஓட விட்டுட்டேன், உள்ள பேசுதது வெளிய கேக்காதுல்லா.