கதவுக்குப் பின்னால் தொங்கிய காலண்டர்

தனியாக வாழும் ஒரு மூதாட்டியின் வீட்டில் அந்தக் காலண்டரைப் பார்த்தேன். கீழே விழுந்து மருத்துவமனையில் இருந்துவிட்டு அவர் வீடு திரும்பி ஒரு மாதம் ஆகியிருந்தது. யார் வந்தார்கள், என்ன கேட்டார்கள், எந்த மாத்திரையை மாற்றச் சொன்னார்கள் என்று பக்கத்து வீட்டுப் பெண் ஒவ்வொரு தேதிக் கட்டத்திலும் பென்சிலால் பொடியாக எழுதி வைத்திருந்தார். ஒருநாள் செவிலியர், ஒருநாள் சமூக நல அலுவலர், உதவித்தொகை விஷயமாக ஒருவர், வீட்டுவசதித் துறையிலிருந்து இருவர், பிறகு ஒரு தன்னார்வலர். வந்தவர்கள் அத்தனை பேரும் வயதைக் கேட்டிருக்கிறார்கள், மருந்துப் பட்டியலைக் கேட்டிருக்கிறார்கள். குளியலறையில் ஒரு கைப்பிடிக் கம்பி வேண்டுமென்று அந்த அம்மா மூன்று பேரிடம் சொல்லியிருக்கிறார். மூன்று கட்டங்களில் ஒரே வரி: ‘கம்பி சொன்னோம்.’ கம்பி மட்டும் வந்தபாடில்லை.

அதே வாரம் எல்லாத் துறையினரும் கூடிய ஆய்வுக் கூட்டம் நடந்தது. ஆளுக்கொரு கோப்போடு உட்கார்ந்திருந்தோம். நடந்தது முழுக்க எந்தக் கோப்பிலும் இல்லை, காலண்டரில்தான் இருந்தது. அதை எழுதியவருக்குக் கூட்டத்துக்கு அழைப்பு இல்லை. கூட்டத்தை ஏற்பாடு செய்தது நான். அவரை அழைக்கவேண்டும் என்று எனக்கே தோன்றவில்லை என்பதை இன்றும் நினைத்து வருந்துகிறேன்.

பல துறைகளையும் பகுதி மக்களையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசவைப்பதுதான் என் தொழில். துறைகளும் மக்களும் சேர்ந்து முடிவெடுக்கும் ‘கூட்டுத் தலைமை’ என்ற சொல் இப்போது எல்லா அறிக்கைகளிலும் வருகிறது. பல இடங்களில் அதற்கு நிறையக் கூட்டம் போடுவது என்பதற்கு மேல் பொருள் இல்லை. நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: எதைப் பற்றிப் பேசப்போகிறோம் என்பதை யார் முடிவு செய்தார்கள்? கேள்வியை அலுவலகத்தில் எழுதி எடுத்துவந்து, பதிலுக்கு மட்டும் மக்களைக் கூப்பிட்டால், தலைமை இன்னும் அலுவலகத்தை விட்டு நகரவில்லை.

அமெரிக்காவைச் சேர்ந்த ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் 1969-இல் மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்து காட்டினார். அடிப்படியில் மக்களை வளைத்துக் காரியம் சாதித்துக்கொள்வது, உச்சிப் படியில் மக்களே நிர்வகிப்பது. நாம் பெருமையோடு நடத்தும் கருத்துக் கேட்பு நான்காவது படி. அதைப் பெயரளவுப் பங்கேற்பு என்ற பிரிவில்தான் அவர் சேர்த்தார். ‘மக்களைக் கலந்தாலோசித்தோம்’ என்று கூட்டக் குறிப்பில் எழுதும்போதெல்லாம் எனக்கு அந்த ஏணி நினைவுக்கு வரும்.

அதிகாரம் கையில் இருப்பவர் “இது எங்களால் மட்டும் முடியாது” என்று முதலில் சொல்வது எவ்வளவு பெரிய திருப்பம் என்பதற்கு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவைச் சொல்வேன். கத்திக்குத்துகளால் பேர் கெட்டுப்போயிருந்த நகரம் அது. அந்த வட்டாரத்தின் ஸ்ட்ராத்கிளைடு காவல் துறை 2005-இல் வன்முறைக் குறைப்புப் பிரிவைத் தொடங்கியது. முன்னின்றவர்கள் கேரின் மெக்லஸ்கியும் ஜான் கார்னக்கனும். கைது செய்துகொண்டே போவதால் மட்டும் இது ஓயாது என்று காவல் துறையே ஒப்புக்கொண்டு, பரவும் நோயைப் போல வன்முறையை அணுகியது. 2008-இல் தொடங்கிய ஒரு திட்டத்தில், கும்பல்களைச் சேர்ந்த இளைஞர்களை நீதிமன்ற அறைக்கு வரவழைத்தார்கள். காவல் அதிகாரி பேசினார். வெட்டுக்காயங்களுக்குச் சிகிச்சை செய்யும் மருத்துவர் பேசினார். பிள்ளைக்கு நேர்ந்ததை ஒரு தாய் எழுந்து நின்று சொன்னார். விலகி வர நினைப்பவர்களுக்குப் படிப்புக்கும் வேலைக்கும் வழி காட்டினார்கள். அந்த அறையில் தாயின் சொல்லுக்கு இருந்த எடை எந்தப் பதவிக்கும் கிடையாது. அவரைப் பேச அழைத்ததுதான் அங்கே நடந்த தலைமைச் செயல் என்று நினைக்கிறேன்.

பின்னாளில் பொருளாதார நோபல் பெற்ற எலினார் ஆஸ்ட்ராமும் 1970-களின் தொடக்கத்தில் காவல் பணியைத்தான் ஆராய்ந்தார். இண்டியானாபொலிஸ் வட்டாரத்தில் ஒத்த குடியிருப்புகளை ஒப்பிட்டபோது, அந்தந்தப் பகுதியின் சின்னக் காவல் துறைகள் பெரிய துறையைவிட நன்றாகவே பணி செய்ததைக் கண்டார். பாதுகாப்பைக் காவலர் மட்டும் உண்டாக்க முடியாது, தெருவில் இருப்பவர்களும் சேர்ந்தே உண்டாக்குகிறார்கள் என்ற அவர் பார்வை, நலவாழ்வுக்கும் கல்விக்கும் அப்படியே பொருந்தும்.

இங்கிலாந்தின் டார்பே பகுதியில் மருத்துவத்தையும் சமூக நலப் பணியையும் இணைத்தபோது ‘திருமதி ஸ்மித்’ என்று எண்பது வயது தாண்டிய ஒரு கற்பனை மூதாட்டியை முன்னால் வைத்தே திட்டமிட்டார்கள். எதற்கும் இவரைக் கேட்டால் போதும் என்னும்படி ஒருங்கிணைப்பாளர்களை அமர்த்தினார்கள். இதைப் படித்தபோது எனக்குக் காலண்டர்தான் கண்முன் வந்தது. அந்த வேலையைத்தான் ஒரு பென்சிலை வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுப் பெண் செய்துகொண்டிருந்தார்.

இதில் இடறும் இடங்களையும் சொல்லவேண்டும். காலை பதினோரு மணிக்குக் கூட்டம் வைத்தால் சம்பளம் வாங்குகிறவர்கள் மட்டுமே வருவார்கள், கூலி வேலைக்குப் போகிறவர் எப்படி வருவார்? எல்லோருக்கும் பொறுப்பு என்றால் யாருக்குமே பொறுப்பில்லை என்று ஆகிவிடும். அதனால் ஒவ்வொரு முடிவுக்கு நேரேயும் ஒருவர் பெயரும் ஒரு தேதியும் எழுதாமல் நான் கூட்டத்தை முடிப்பதில்லை. ஓர் அலுவலர் மாற்றலாகிப் போனால் மூன்று வருட நம்பிக்கை அவரோடு போய்விடுகிறது. ஒரு துறையிலிருந்து இரண்டு பேராவது வரவேண்டும் என்று இப்போதெல்லாம் வற்புறுத்துகிறேன். பணம் யார் கையில் என்பதைப் பேசத் தயங்குகிறோம். சின்னத் தொகையானாலும் அதைச் செலவிடும் முடிவு குடியிருப்பவர்கள் கையில் வந்த அன்றுதான், பேச்சின் தொனியே மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்த கூட்டத்தை மாலையில் வைத்து அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்ணை அழைத்தேன். காலண்டரைச் சுருட்டிக் கையிலேயே கொண்டுவந்தார். விரித்ததும் யாரும் பேசவில்லை. வீட்டுவசதி அலுவலர் மூன்று தேதிகளையும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, கம்பிக்கு அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

எங்களுக்கு நிம்மதியாக இருந்தது. அந்தப் பெண் மட்டும் கிளம்பவில்லை.

“கம்பி வரட்டும் சார். அவங்க விழுந்தது குளியலறையில இல்லையே. ராத்திரி எழுந்தா லைட் சுவிட்ச் கட்டிலுக்கு எட்டாது. இருட்டுல சுவரத் தடவிக்கிட்டே போய்த்தான் விழுந்தாங்க.”

கோப்புகளைப் புரட்டினோம். எல்லாவற்றிலும் ‘கீழே விழுந்தார்’ என்று இருந்தது. எங்கே, எப்படி என்று எதிலும் இல்லை. அஜெண்டாவில் கம்பி என்ற வரியை அடித்துவிட்டு, அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதினேன்.