‘தொழில்முறை எல்லை’ வேண்டாம், ‘வரம்பு’ இருக்கிறது

பெங்களூர் அல்சூரில் எங்கள் தெருவில் இருக்கும் அக்கா ஒருவர் போன மாதம் ஒரு துண்டறிக்கையைக் கொண்டுவந்து நீட்டினார். கணவர் போனபின் தூக்கமே இல்லை என்று ஓர் ஆலோசனை மையத்துக்குப் போய்வருகிறார். அங்கே கொடுத்த தாள். ‘சிகிச்சையாளரும் வாடிக்கையாளரும் தொழில்முறை எல்லைகளைப் பராமரிக்க வேண்டும்’ என்று தமிழில் அச்சடித்திருந்தது. “தம்பி, அப்போ அந்த மேடம்கிட்ட எதுவரைக்கும் சொல்லலாம்? வீட்டுச் சண்டையெல்லாம் சொன்னா எல்லை தாண்டினதா ஆயிடுமா?” என்று கேட்டார்.

மனம் திறந்து பேசப் போன இடத்தில் அவர் வாயை மூடவைத்தது அந்த ஒரு வரிதான். ஆங்கிலத்தின் ‘புரொஃபஷனல் பவுண்டரி’யை ‘தொழில்முறை எல்லை’ என்று பெயர்த்திருப்பதை எத்தனையோ மொழிபெயர்ப்புகளில் பார்த்தாயிற்று. இனியும் சும்மா இருக்க முடியவில்லை.

அந்த ‘பவுண்டரி’, பழைய பிரெஞ்சு வழியே வந்த ‘பவுண்ட்’ என்ற சொல்லிலிருந்து பிறந்தது. நிலத்தின் எல்லையைக் குறித்த சொல் அது. அந்தக் கணக்கில் ‘எல்லை’ சரிதான். ஆனால் மனநலத் துறையில் அந்தச் சொல் நிலத்தை விட்டு வெகுதூரம் வந்துவிட்டது. ஆலோசகர் தன்னிடம் வருபவரோடு வியாபாரம் வைத்துக்கொள்ளக் கூடாது, கடன் வாங்கக் கூடாது, காதல், உடலுறவு கூடவே கூடாது. அமெரிக்க உளவியல் சங்கத்தின் நெறிமுறை, சிகிச்சை முடிந்த பிறகும் குறைந்தது 2 ஆண்டுகளுக்கு உடலுறவைத் தடுக்கிறது. இதில் கட்டுப்படுவது ஆலோசகர். வருபவர் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். அதற்காகத்தான் இந்தக் கட்டுப்பாடே.

‘எல்லை’ என்றால் பெங்களூரில் இருக்கும் நமக்குத் தமிழ்நாட்டு எல்லையில் இருக்கும் அத்திப்பள்ளிதான் ஞாபகம் வரும். இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், நடுவே காவல். ‘எல்லை மீறிப் போகிறான்’ என்றும் நாம் சொல்கிறோம், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சொல் இரண்டு பேரையும் ஒரே மாதிரி தடுத்து நிறுத்துகிறது. அக்கா தவறாகப் படிக்கவில்லை, தாளில் இருந்ததைத்தான் படித்தார்.

‘வரம்பு’ வயல் சொல். அதுவே வலித்து ‘வரப்பு’ ஆயிற்று. வரப்பு யாரையும் விரட்டுவதற்கு இல்லை, பயிருக்கு வேண்டிய நீரை உள்ளே தேக்கி வைப்பதற்கு. ‘வரப்புயர நீர் உயரும்’ என்று ஔவையார் வாழ்த்தியதும் அதனால்தான். நடவுக்கு முன் வரப்பை வெட்டிச் சேறு பூசி அண்டை வைப்பது வயல்காரன் வேலை, பயிரின் வேலை இல்லை. ஆலோசகரின் பொறுப்பைச் சொல்ல இதைவிட என்ன வேண்டும்?

வயது வரம்பு, வருமான வரம்பு என்று அளவுக்குத்தானே அந்தச் சொல் வருகிறது என்று நண்பர் ஒருவர் வாதாடினார். சரி, ‘வரம்பு மீறிப் பேசாதே’ என்று அம்மா திட்டியபோது எந்த அளவைச் சொன்னார்? நடத்தையைத்தான் சொன்னார்.

இன்னொரு வசதியும் இருக்கிறது. 1993-இல் குத்தெயில், கபார்ட் என்ற இரண்டு அமெரிக்க மனநல மருத்துவர்கள் இரண்டு நிலைகளைப் பிரித்துக் காட்டினார்கள். தடுமாறி விழப்போகிறவரை ஆலோசகர் கைகொடுத்துத் தூக்குவது வழக்கத்தைத் தாண்டியது, ஆனால் தீங்கில்லை. அவரைத் தன் தேவைக்குப் பயன்படுத்திக்கொள்வது தீங்கு. முன்னது வரம்பு தாண்டல், பின்னது வரம்பு மீறல். வரப்பைத் தாண்டி நடக்கிறவனும் வரப்பை வெட்டிவிடுகிறவனும் ஒன்றா?

அப்புறம் அந்தப் ‘பராமரிக்க’. தோட்டத்தைப் பராமரிக்கலாம், மாட்டைப் பராமரிக்கலாம். வரம்பைக் காக்கத்தான் வேண்டும். ‘வாடிக்கையாளர்’ அதைவிட மோசம். அது மளிகைக் கடைச் சொல். துக்கத்தோடு வருகிற ஒரு பெண்ணை அப்படி அழைக்க எப்படி மனம் வருகிறது? ‘ஆலோசனைக்கு வருபவர்’ என்று எழுதினால் இரண்டு சொல் ஆகும், ஆகட்டுமே. இந்த ஊரில் துண்டறிக்கையைத் தமிழில் போடுகிறவர்கள் அகராதியைப் புரட்டுவதோடு நிறுத்திவிடுகிறார்கள். அச்சுக்குப் போகுமுன் ஒரு தமிழ்க்காரரிடம் சத்தமாகப் படித்துக் காட்டி, என்ன புரிந்தது என்று கேட்பதில்லை.

அக்காவின் தாளில் அந்த வரியை அடித்துவிட்டுப் பேனாவால் எழுதிக் கொடுத்தேன்: ‘ஆலோசகர் தன் வரம்பைக் காக்க வேண்டும். நீங்கள் எதையும் பேசலாம்.’ படித்துவிட்டு, “இதை மேடம்கிட்டயும் காட்டறேன்” என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.