ஸ்கிரீனிங்: சல்லடைச் சோதனை

அறிகுறி இல்லாதவர்களுக்குச் செய்யும் புற்றுநோய் ஸ்கிரீனிங்கைப் ‘புற்றுநோய் கண்டறியும் பரிசோதனை’ என்று எழுதுவதை இனியாவது நிறுத்த வேண்டும். ஆங்கிலத்தில் ஸ்கிரீன் என்றால் திரை. மணலும் சரளையும் சலிக்கும் சல்லடையும் அதுவே. மருத்துவத்துக்குப் பொருந்துவது சல்லடை. ‘திரையிடல்’ சினிமாவோடு இருக்கட்டும்.

‘கண்டறிதல்’ காதுக்கு இதமாக இருப்பதால்தான் விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கண்டறிவது என்றால் இன்ன நோய் என்று உறுதிசெய்வது; புற்றுநோயில் அதற்குப் பெரும்பாலும் திசுப் பரிசோதனை வேண்டும். ஸ்கிரீனிங் செய்வதெல்லாம், அறிகுறியே இல்லாதவர்களில் யாரை மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்று பிரித்துக் காட்டுவதுதான். 1000 பேரில் 10 பேருக்கு நோய் இருக்கிறது, அவர்களில் 9 பேரைச் சோதனை பிடிக்கிறது, நோயில்லாத 990 பேரில் பத்தில் ஒருவரையும் சேர்த்துப் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ‘பாசிட்டிவ்’ வந்த 108 பேரில் 99 பேருக்குப் புற்றுநோய் கிடையாது. ‘கண்டறியும் பரிசோதனையில் பாசிட்டிவ்’ என்ற தாளைக் கையில் வாங்கியதும் அந்த 99 பேரும் என்ன நினைப்பார்கள்? ஆண்களின் புராஸ்டேட் சுரப்பிப் புற்றுக்காகச் செய்யும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையில் இந்தக் கலவரம் வழக்கமானது. வயதில் புராஸ்டேட் பெருத்தாலும், சிறுநீர்த் தொற்று வந்தாலும் ரத்தத்தில் பி.எஸ்.ஏ. அளவு ஏறும்.

இதே குழப்பம் மறுபக்கமும் வெட்டும், அது உயிருக்கே ஆபத்து. மாதவிடாய் நின்ற பிறகு ரத்தப்போக்கு என்று வருபவர் அறிகுறியோடு வருகிறார். கருப்பைவாய்ச் செல்களைப் பார்க்கும் ஸ்கிரீனிங்கான பேப் ஸ்மியர் மட்டும் எடுத்து ‘நார்மல்’ என்று அனுப்பினால் கருப்பை உட்சவ்வில் இருக்கும் புற்று தப்பிவிடும். அவருக்கு வேண்டியது ஸ்கேனும் தேவைப்பட்டால் திசுப் பரிசோதனையும்.

‘முன்கூட்டியே கண்டறிதல்’ என்பார்கள். முன்கூட்டி என்றாலே நன்மை என்று அந்தச் சொல் அடித்துச் சொல்கிறது. தென்கொரியாவில் தைராய்டு ஸ்கேன் பரவியதும், 1993-லிருந்து 2011-க்குள் தைராய்டு புற்றுநோய்ப் பதிவு 15 மடங்கானது, இறப்பு மாறவில்லை; முன்கூட்டிப் பிடித்ததால் இறப்பு குறையவில்லை. ‘தடுப்புப் பரிசோதனை’ கருப்பைவாய்க்கும் பெருங்குடலுக்கும் ஓரளவு சரி, புற்றாகும் முன்பே அகற்றிவிடலாம். மார்பகப் புற்றைத் தேடும் எக்ஸ்ரேயான மேமோகிராம் எதைத் தடுக்கிறது?

‘சல்லடைச் சோதனை’ இந்தக் கோளாறுகளைத் தானே சொல்லிவிடுகிறது. கண் சிறுத்தால் வேண்டாததும் தங்கும், பெருத்தால் வேண்டியதும் நழுவும். மொழிபெயர்ப்பாளர்கள் துண்டறிக்கையில் ‘நோய் கண்டறியப்பட்டது’ என்று எழுதாமல், ‘சல்லடைச் சோதனையில் தங்கியது, மேல்பரிசோதனை தேவை’ என்று எழுதட்டும்.